விலை கூடிய செயற்கை மூட்டு சிறந்ததா?

தேய்ந்துபோன இடுப்பு மூட்டை அகற்றிவிட்டுச் செயற்கை மூட்டைப் பொருத்தும் அறுவை சிகிச்சை, கடந்த நூற்றாண்டின் பெரும் மருத்துவச் சாதனைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஆனால் எந்த வகை மூட்டைப் பொருத்துவது என்ற கேள்விக்கான விடையை மருத்துவம் மட்டுமன்றி, வர்த்தகமும் அரசின் கண்காணிப்பும் சேர்ந்தே தீர்மானித்து வந்துள்ளன.

1962ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில், அறுவை சிகிச்சை நிபுணர் ஜான் சார்ன்லி, உலோகப் பந்தும் பாலித்தீன் கிண்ணமும் கொண்ட மூட்டை எலும்பு சிமெண்ட் கொண்டு பொருத்தத் தொடங்கினார். பின்னர், சிமெண்ட் இன்றி எலும்பே வளர்ந்து பற்றிக்கொள்ளும் மூட்டுகள் வந்தன. தொடை எலும்பில் மட்டும் சிமெண்ட் இட்டு, கிண்ணத்தைச் சிமெண்ட் இன்றிப் பொருத்தும் கலப்பு முறையும் வந்தது. சிமெண்ட் தேவைப்படாத மூட்டுகளின் விலை அதிகம். எனினும் அவை வேகமாகப் பரவின.

அந்தக் கூடுதல் விலைக்கு ஏற்ற பலன் கிடைத்ததா? மூட்டுத் தேய்வு கண்ட முதியோர் குறித்து 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு, கிடைக்கவில்லை என்றே கூறியது. செலவு மிகக் குறைந்தது சிமெண்ட் முறை. பெரும்பாலான நோயாளிகளுக்குச் செலவிட்ட பணத்துக்கு அதிகப் பலன் தந்தது கலப்பு முறை என்பது அதன் முடிவு.

புதியவை எல்லாம் சிறந்தவை என்ற நம்பிக்கைக்குக் கொடுக்கப்பட்ட விலையை, உலோகத்தின் மீது உலோகம் உராயும் மூட்டுகள் காட்டின. உராய்வில் வெளியான கோபால்ட், குரோமியம் துகள்கள் சுற்றியுள்ள திசுக்களைச் சிதைத்தன. டெப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். மூட்டு எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தோல்வியுறுவதை ஆஸ்திரேலியாவின் தேசியப் பதிவேடு 2007லேயே சுட்டிக்காட்டியது. ஆனால் உலகெங்கும் அது திரும்பப் பெறப்பட்டது 2010 ஆகஸ்டில்தான். பொருத்தியவர்களில் சுமார் எட்டுப் பேரில் ஒருவருக்கு ஐந்தாண்டுகளுக்குள் மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டதாக பிரிட்டிஷ் பதிவேட்டின் தரவுகள் காட்டின.

இந்தியாவில் இந்த மூட்டைப் பொருத்தும் அறுவை சிகிச்சைகள் சுமார் 4,700 நடந்தன. அந்த நோயாளிகளில் பெரும்பாலோரைக் கண்டறியவே முடியவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 2018இல் இந்திய அரசு, 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டு வரையறையை ஏற்றது. ஆனால் யார் உடலில் எந்த மூட்டு இருக்கிறது என்ற பதிவு இல்லாத இடத்தில், இழப்பீடும் உரியவரைச் சென்றடைவதில்லை.

ஸ்வீடன் 1979 முதலும், இங்கிலாந்தும் வேல்ஸும் 2003 முதலும் இத்தகைய பதிவேடுகளைப் பேணி வருகின்றன. பத்தாண்டுகளில் மறு அறுவை சிகிச்சை விகிதம் 10 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது என்று 2000இல் வகுத்த வரம்பை, பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014இல் 5 சதவீதமாகக் குறைக்க முடிந்ததற்கு இத்தரவுகளே ஆதாரம்.

புலம்பெயர்ந்த நாட்டிலோ, சென்னைக்கு வந்தோ இச்சிகிச்சையைப் பெறும் தமிழர்கள், மூட்டின் விலையைக் கேட்பதோடு நின்றுவிடலாகாது. அதன் பெயரையும் மாதிரியையும், பத்தாண்டுக் காலத் தோல்வி விகிதத்தையும் கேட்டறிந்து, அந்த விவரங்களை எழுத்தில் பெற்றுப் பத்திரப்படுத்துவது அவசியம். பதிவேடு பலவீனமாக உள்ள நாட்டில், நோயாளியின் கையிலுள்ள அந்தக் காகிதமே அவருக்கான பதிவேடு.