பணம் வருகிறதே, பிறகென்ன மோசடி?

2024 ஜனவரி இறுதியில் கோவை நீலாம்பூர் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். செல்போனில் விளம்பரம் பார்த்தால் காசு என்று உறுப்பினர்களைச் சேர்த்த மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் மீது காவல்துறை வழக்குப் பதிந்திருந்தது. வந்தவர்கள் யாரும் அந்த நிறுவனத்தின் மீது புகார் சொல்ல வரவில்லை. "எங்களுக்குப் பணம் ஒழுங்காக வருகிறது, இது எப்படி மோசடி?" என்று கேட்டு நிறுவனத்துக்கு ஆதரவாக நின்றார்கள்.

அந்த நிறுவனத்தின் மீதான குற்றச்சாட்டை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். ஆனால் அந்தக் கேள்வி, வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் உலவும் ஒவ்வொரு 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' அழைப்புக்கும் கவசமாக நிற்கிறது. அதன் துணை வாதங்களையும் சேர்த்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதல் வாதம்: "காசு கைக்கு வந்துவிட்டது."

1920-ல் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்சி 45 நாளில் 50 சதவீத லாபம் தருவதாக அறிவித்தார். முதலில் சேர்ந்தவர்களுக்குச் சொன்னபடியே கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் கட்டிய பணம்தான் அது. ஆரம்பத்தில் பணம் கொடுக்காத மோசடி வளரவே முடியாது. கொடுப்பதுதான் அதன் விளம்பரச் செலவு. ஆகவே கேட்க வேண்டியது ஒன்றுதான்: வருகிற பணம் யாருடையது? இன்று இந்தக் கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. உங்கள் கணக்குக்கு வந்த தொகை வேறொருவரிடம் பறித்ததாக இருந்தால், புகார் பதிவானதும் உங்கள் வங்கிக் கணக்கும் முடக்கப்படலாம்.

இரண்டாவது: "சும்மாவா தருகிறார்கள்? வேலை வாங்கிக்கொண்டுதானே தருகிறார்கள்."

யூடியூப் வீடியோவுக்கு லைக் போடுவது, கூகுள் மேப்பில் ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பது. இவைதான் அந்த 'வேலை'. முதலில் நூறோ இருநூறோ கணக்கில் ஏறும். அடுத்து 'ப்ரீபெய்ட் டாஸ்க்' வரும்: ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு. தொகை ஏற ஏற, திரையில் தெரியும் இருப்பும் லட்சங்களாக ஏறும். எடுக்கப் போனால் 'வரி கட்டுங்கள்', 'கணக்கைத் திறக்கக் கட்டணம் செலுத்துங்கள்' என்பார்கள். திரையில் இருந்தது வெறும் எண். சம்பளம் கொடுக்கிறவர் வேலைக்காரரிடம் முன்பணம் கேட்க மாட்டார். இந்த ஒரு அடையாளமே போதும், அங்கேயே நிறுத்திவிடலாம்.

மூன்றாவது: "ரிஜிஸ்டர் ஆன கம்பெனி, ஜிஎஸ்டி நம்பர் இருக்கிறது."

ஒரு பெட்டிக்கடைக்காரர்கூட ஜிஎஸ்டி எண் வாங்கலாம். அது வரி கட்டுவதற்கான எண். மக்களிடம் டெபாசிட் வாங்குவதற்கான அனுமதி அல்ல. முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களை 2019-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆள் சேர்த்தால் பணம் என்ற சுழற்சித் திட்டங்களுக்கு 1978-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பதைவிட, ரிசர்வ் வங்கியின் 'சச்சேத்' தளத்திலும் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் பட்டியலிலும் அந்தப் பெயர் அனுமதி பெற்றதாக இருக்கிறதா என்று பார்ப்பதே பயன் தரும்.

நான்காவது: "பேராசைக்காரர்கள்தான் ஏமாறுவார்கள்."

கேட்க நியாயமாகத் தோன்றும் இந்த வாதம்தான் ஏமாந்தவரை வாய் திறக்க விடாமல் செய்கிறது. 2023 டிசம்பரில் மத்திய அரசு, பகுதிநேர வேலை, முதலீடு என்ற பெயரில் மோசடி செய்த நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கியது. ஓய்வுபெற்றவர்கள், பெண்கள், வேலையில்லாத இளைஞர்கள் ஆகியோரையே அவை பெரும்பாலும் குறிவைத்தன என்று உள்துறை அமைச்சகம் சொன்னது. பென்ஷன் போதாதவரும், குழந்தையை விட்டு வேலைக்குப் போக முடியாத தாயும் தேடியது கோடிகளை அல்ல. மாதக் கடைசியைச் சமாளிக்க ஒரு சிறு தொகையை. அவர்களைப் பேராசைக்காரர்கள் என்பது அநியாயம்.

கடைசி வாதம்: "போலீஸ் வழக்குப் போட்டதால்தான் பணம் நின்றது."

கணக்குப் போட்டால் இது உடைந்துவிடும். ஒருவர் ஐந்து பேரைச் சேர்க்க, அந்த ஐவரும் தலா ஐந்து பேரைச் சேர்க்க, இப்படியே போனால் பன்னிரண்டாவது படிக்கு மட்டும் 24 கோடிக்கும் மேற்பட்டோர் தேவை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 7.2 கோடி. வழக்கு வந்தாலும் வராவிட்டாலும் இத்தகைய சங்கிலி அறுந்தே தீரும். தாமதமாக அறுந்தால் மாட்டுகிறவர்களின் எண்ணிக்கை கூடும், அவ்வளவுதான். அறுந்தபின் தண்டனைக்கும் காத்திருக்க வேண்டும். ஆன்லைன் அந்நியச் செலாவணி வர்த்தகம் என்று சொல்லிச் சுமார் 930 கோடி ரூபாய் திரட்டிய திருப்பூர் பாசி நிறுவன வழக்கு 2009-ல் தொடங்கியது. இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது 2022-ல். இடையில் போன பதின்மூன்று ஆண்டுகள் பணம் போட்டவர்களுடையவை.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் பணம் கட்டியிருந்தால் திட்டாதீர்கள். மேலும் ஒரு ரூபாய்கூட அனுப்ப விடாமல் நிறுத்தி, உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்குள் புகார் போனால்தான் அதைத் தடுத்து நிறுத்த வழியுண்டு.