இருநூறு தடவை குதி!

எங்கள் வம்சத்தில் உயரத்திலிருந்து குதித்தவர் என்று பார்த்தால் அப்பா ஒருவர்தான். 1979-ல், லஸ் கார்னரில், ஓடிக்கொண்டிருந்த பல்லவன் பஸ்ஸிலிருந்து. உயரம் ஒன்றரை அடி. இறங்கினால் பஸ் போகும் திசையிலேயே நாலடி ஓட வேண்டும் என்கிற ஃபுட்போர்டு சாஸ்திரம் தெரியாமல், எதிர்த் திசையில் காலை வைத்து, முன்பல் இரண்டை மயிலாப்பூருக்குக் காணிக்கை செலுத்திவிட்டு வீடு வந்து சேர்ந்தார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்ப் பக்கம்கூடப் போனதில்லை.

அப்பேர்ப்பட்ட குடும்பத்தில், போன வருஷம் ஒருநாள் அடையாறிலிருந்து அக்கா போன் பண்ணினாள்.

"டேய், இவன் பாலத்துலேர்ந்து குதிக்கப் போறானாம்டா!"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. "எந்தப் பாலம்? திரு.வி.க. பாலமா? என்ன ஆச்சு அவனுக்கு?"

"இங்க இல்லடா, அமெரிக்காவுல. ஆபீஸ்ல அனுப்பறாளே, அந்த ஊர்ப் பக்கத்துல ஒரு பாலம் இருக்காம். பாராசூட்டைக் கட்டிண்டு குதிப்பானாம். கேட்டா ஜாலிக்குங்கறான். நீதான் பேசணும். நீ சொன்னா கேப்பான்."

அத்திம்பேர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. அக்காவுக்கு இருப்பது அவன் ஒருவன்தான். 'நீ சொன்னா கேப்பான்' என்பதில் அவளுக்கு நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, சொல்வதற்கு என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

பையனை தி.நகர் பாண்டி பஜாரில் பிடித்தேன். சூட்கேஸ் வாங்க வந்திருந்தான். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து பாடம் நடத்தினான்.

"பேஸ் ஜம்ப்னு பேரு மாமா. பில்டிங், ஆன்டெனா, ஸ்பான், எர்த். நாலோட முதல் எழுத்து. கட்டடம், டவர், பாலம், மலை. விமானத்துக்குப் பதிலா இதுலேர்ந்து குதிக்கறது."

நான் மனசுக்குள் சென்னையைச் சுற்றி வந்தேன். கட்டடம் என்றால் மவுண்ட் ரோடு எல்.ஐ.சி., பதினாலு மாடி, 177 அடி. டவர் என்றால் தூர்தர்ஷன். மலை என்றால் பரங்கிமலை. பாலத்துக்கு நம் அடையாறு பாலம் இருக்கிறது. அங்கே குதிக்கிறவன் கீழே போவதற்கு முன்பே வாசனையில் மயங்கிவிடுவான்.

அவன் சொன்ன பாலம் ஐடஹோ மாநிலத்தில், ட்வின் ஃபால்ஸ் என்ற ஊரில் இருக்கிறது. பெர்ரின் பாலம். கீழே ஸ்னேக் நதி. உயரம் 486 அடி. வருஷம் பூரா யாரும் தனி அனுமதி வாங்காமல் குதிக்கலாமாம். (நம் ஊரில் ஒரு ரேஷன் கார்டில் முகவரி மாற்ற எத்தனை கையெழுத்து!)

"இதுக்கு முன்னாடி எங்கேயாவது குதிச்சிருக்கியாடா?"

"நேரா அதுதான் மாமா. ஷீத்தல் மகாஜன் தெரியுமா? புனே பொண்ணு. வாழ்க்கையிலேயே முதல் ஜம்ப் 2004-ல வட துருவத்துல, மைனஸ் 37 டிகிரியில! ப்ராக்டீஸே கிடையாது. அப்புறம் பத்மஸ்ரீ குடுத்தாங்க."

எனக்குப் பதில் வரவில்லை. "யோசிச்சு வைக்கறேன்" என்று பஸ் ஏறிவிட்டேன். (பஸ் நின்ற பிறகுதான்.)

நான் பி.காம். உலகத்தில் எதையும் வரவு, செலவு என்று இரண்டு பத்தியாகப் பிரித்தால்தான் எனக்கு விளங்கும். இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். விஷயம் தைரியத்தில் இல்லை, கையிருப்பில் இருக்கிறது என்று புரிந்தது. இங்கே கையிருப்பு என்பது உயரம்.

விமானத்திலிருந்து குதிக்கிறவன் பத்தாயிரம், பதின்மூவாயிரம் அடியில் ஆரம்பிக்கிறான். ஏறக்குறைய ஒரு நிமிஷம் விழுந்துகொண்டே இருக்கலாம். உடம்பு புரண்டால் சரி செய்துகொள்ள நேரம் இருக்கிறது. முதுகில் இரண்டு பாராசூட். ஒன்று மக்கர் பண்ணினால் இன்னொன்று. ஆள் மயக்கம் போட்டாலும் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் அந்த இரண்டாவதைத் தானே திறந்துவிடும் சின்னக் கருவிகூட உண்டு. பேங்கில் நாலு லட்சம் வைத்துக்கொண்டு பெட்டிக்கடை ஆரம்பிக்கிற மாதிரி. ஒரு மாசம் நஷ்டம் வந்தால் சமாளிக்கலாம்.

பாலத்தில் கதை வேறு. 486 அடி. பாராசூட் திறக்காவிட்டால் ஐந்தரை விநாடியில் தண்ணீர். முதுகில் ஒரே பாராசூட்தான். இரண்டாவது இருந்தாலும் அதைத் திறக்க நேரம் கிடையாது. அது மட்டுமில்லை. விமானம் ஓடிக்கொண்டிருப்பதால் குதித்த கணமே காற்று வந்து உடம்பைத் தாங்கிப் பிடிக்கும். அதில் சாய்ந்து நேராகலாம். பாலம் நகராது. முதல் ஓரிரு விநாடி சாய்ந்துகொள்ளக் காற்றே இல்லை. காலை எப்படி எடுத்தோமோ அப்படியேதான் விழ வேண்டும். சரியாக அப்பாவும் லஸ் கார்னரும்தான்!

அதனால்தான் இந்த வித்தையைக் கற்றுத் தருகிறவர்கள், முதலில் விமானத்திலிருந்து இருநூறு தடவையாவது குதித்துவிட்டு வா என்கிறார்கள். அமெரிக்க பாராசூட் சங்கத்தில் 25 தடவை குதித்து, பரீட்சையும் தேறினால் 'ஏ' லைசென்ஸ். 'சி' லைசென்ஸுக்கு 200. அந்த இருநூறில் கை என்ன கற்கிறது? பாராசூட்டை மடிக்க, திறந்ததும் திருப்ப, நினைத்த இடத்தில் இறங்க. மலையில் குதிக்கும்போது பாராசூட் பாறையைப் பார்த்துத் திறந்துவிட்டால், யோசிக்காமல் கை அதைத் திருப்ப வேண்டும். யோசித்தால் பாறை.

மூன்றாம் நாள் பையனை மயிலாப்பூருக்கு வரவழைத்தேன். குளத்தங்கரைப் பக்கம், கையில் டபரா டம்ளர்.

"ஷீத்தல் மகாஜன் குதிச்சது 2,400 அடிடா. உன் பாலத்தைவிட கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. அதுவும் ஹெலிகாப்டர்லேர்ந்து. உனக்கு ஆதாரம் வேணும்னா அர்ச்சனா சர்தானாவைப் பாரு. இந்தியாவிலேயே பேஸ் ஜம்ப் பண்ணின முதல் பெண். முதல்ல மலையேற்றம் படிச்சாங்க. அப்புறம் விமானத்துலேர்ந்து குதிச்சாங்க, திரும்பத் திரும்ப. அதுக்கப்புறம்தான் பாலம்."

அவன் மசியவில்லை. கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

"தோனி தெரியுமா?"

சென்னையில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தவர் கிடையாது. நிமிர்ந்தான்.

"டெரிட்டோரியல் ஆர்மியில கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி 2011-லயே குடுத்தாச்சு. ஆனா சட்டையில பாராசூட் சின்னம் குத்திக்கணும்னா குதிச்சாத்தான் ஆச்சு. 2015 ஆகஸ்ட்ல ஆக்ராவுக்குப் போய், மத்தவா மாதிரியே தரையில பயிற்சி எடுத்து, அஞ்சு தடவை குதிச்சப்புறம்தான் குத்திண்டார். கடைசி ஓவர்ல பதினஞ்சு ரன் வேணும்னாலும் பதறாத மனுஷன்! அவருக்கே ஷார்ட் கட் கிடையாது."

சும்மா இருந்தான். நான் மிச்சத்தையும் மறைக்கவில்லை. மறைத்தால் அது கணக்கில்லை, கள்ளக் கணக்கு. இந்த விளையாட்டை உலகத்துக்குப் படம் பிடித்துக் காட்டிய கார்ல் போனிஷ் 1984-ல் நார்வேயில் ஒரு மலையிலிருந்து குதித்து இறந்துபோனார். 2013-ல் எவரெஸ்ட் பக்கத்தில் 7,220 மீட்டர் உயரத்திலிருந்து குதித்த ரஷ்யர் வாலரி ரோசோவ், 2017-ல் நேபாளத்தில் அதே வேலையில் போனார். அனுபவத்தில் அவர்களே மலை.

"அப்போ இருநூறு குதிச்சாலும் கேரண்டி இல்லையே மாமா?"

"இல்லைடா. இருநூறுங்கறது இன்ஷூரன்ஸ் பாலிசி இல்ல. கடன் கேக்கப் போனா பேங்க்ல காட்டற மூணு வருஷ இன்கம்டாக்ஸ் ரிடர்ன். கடன் திரும்பி வரும்னு அதுக்கு அர்த்தமில்ல. கேக்கறதுக்கு யோக்கியதை இருக்குன்னு அர்த்தம். உங்கம்மாகிட்ட நீ கேக்கறது சின்னக் கடன் இல்ல."

காபி ஆறிவிட்டது. அவன் வெகு நேரம் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "சரி மாமா. முதல்ல இருநூறு. அப்புறம் பாலம். அம்மா மேல சத்தியம்" என்றான்.

வெற்றி வீரனாக அடையாறுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். கரண்டியோடு திரும்பினாள்.

"ஒரு தடவை குதிக்காதேன்னு சொல்லச் சொன்னா, இருநூறு தடவை குதின்னு சொல்லிட்டு வந்திருக்கியேடா, பாவி!"

பி.காம். படித்தவனுக்கு இந்தக் கூட்டல் ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை எனக்கே தெரியாது. மூன்று வாரம் அக்கா என்னுடன் பேசவில்லை.

பையன் போய்ச் சேர்ந்தான். சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். வகுப்பில் சேர்ந்து சனி, ஞாயிறுகளில் குதிக்கிறான். ஒவ்வொரு தடவை தரையில் கால் வைத்ததும் அம்மாவுக்கும் எனக்கும் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு எண். முதல் வாரம் '1'. அதைப் பார்த்துவிட்டு அக்கா பூஜை அறையில் அரைமணி உட்கார்ந்திருந்தாளாம். '9' வந்த வாரம், இறங்கும்போது கணுக்கால் பிசகி ஒரு மாசம் எண்ணே வரவில்லை. "நல்லவேளை மாமா, இது பாலத்துல நடக்கல" என்று பையனே சொன்னான். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். '25' வந்தபோது லைசென்ஸ் அட்டையின் படமும் வந்தது. அக்கா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இளைச்சுட்டான்" என்றாள்.

இப்போதெல்லாம் ராத்திரி அவள் போனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுக்கிறாள். எண் வந்தால்தான் தூக்கம். முதலில் கோபமாகக் கேட்டவள், இப்போது என்னிடமே விவரம் கேட்கிறாள்: "இன்னிக்குக் காத்து ஜாஸ்தின்னு குதிக்காம இறங்கி வந்துட்டானாமே. அது நல்லதுதானேடா?" நல்லதுதான் அக்கா. இருநூறில் அதுவும் ஒரு பாடம்.

போன ஞாயிறு ராத்திரி வந்த எண் '63'.

அடுத்த நிமிஷம் அக்காவின் போன். "பார்த்தியாடா? மயிலாப்பூர்க்காரனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்? அறுபத்து மூவரோட நிறுத்திக்கச் சொல்லேன். நீ சொன்னா கேப்பான்."