பசித்திருந்த நேரத்துக்கும் கணக்கு வேண்டும்

நிவாரணப் பண்டங்களை அனுப்பும் தொழிலில் இருக்கும் நாம், எத்தனை லாரி புறப்பட்டது, எத்தனை பொட்டலம் இறங்கியது, என்ன செலவாயிற்று என்பவற்றைத் தவறாமல் பதிவு செய்கிறோம். அந்தப் பொட்டலம் வரும்வரை ஒரு மனிதர் எவ்வளவு நேரம் பசித்திருந்தார் என்பதற்கோ நம் ஏடுகளில் இடமே இல்லை. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தைச் சிங்கப்பூரில் கண்ட பிறகும் இதை அற்ப விஷயமென்று தள்ள மனம் ஒப்பவில்லை.

அம்மாதம் 5-ஆம் தேதி, கோவிட்-19 தொற்றுப் பரவலால் பொங்கோல் எஸ்11 விடுதியும் தோ குவான் வெஸ்ட்லைட் விடுதியும் தனிமைப்படுத்தப்பட்டு, அங்கிருந்த ஏறத்தாழ 20,000 வெளிநாட்டுத் தொழிலாளர்கள் 14 நாட்கள் வெளியே வரலாகாதென ஆணை பிறந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. வேறு காலமாயின், தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் அரிசி, பருப்பு, மசாலா வாங்கிவந்து தாமே சமைத்து உண்டிருக்கக்கூடியவர்கள், பிறர் அனுப்பும் பொட்டலத்துக்கு நெடுவரிசையில் நிற்க நேர்ந்தது. உணவைப் பற்றி முறைப்பாடுகள் எழுந்தன. பின்னர் ஏற்பாடுகள் திருந்தின.

இத்தகைய காத்திருப்பையும் கணக்கில் சேர்க்க வழி உண்டு. நிவாரண விநியோகத்தை ஆராயும் ஹோசே ஹோல்கின்-வெராஸும் அவருடைய சகாக்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நிவாரணப் பணியில் குறைக்கப்பட வேண்டியது போக்குவரத்துச் செலவு மட்டுமன்று, பண்டம் கிடைக்காமையால் விளையும் துன்பத்தின் மதிப்பையும் சேர்த்த சமூகச் செலவே என்று வாதிட்டார்கள். அத்துன்பம் நேரத்தோடு சமமாக வளர்வதில்லை. நேரம் ஏற ஏற அதைவிட வேகமாக ஏறுகிறது. இருவர் மும்மூன்று மணி நேரம் காத்திருப்பதும், ஒருவர் உடனே பெற மற்றவர் ஆறு மணி நேரம் காத்திருப்பதும் சராசரியில் ஒன்றே, துன்பத்தில் ஒன்றல்ல.

ஆயினும், துன்பத்துக்குப் பணமதிப்பிட, 'எவ்வளவு கொடுப்பீர்கள்' என்று மக்களையே வினவும் முறையை நம் சூழலில் அப்படியே ஏற்பதற்கில்லை. ஊருக்கு அனுப்பக் காசை எண்ணி வைத்திருப்பவர் ஒரு வேளைச் சோற்றுக்குக் குறைந்த விலை சொன்னால், அவருடைய பசியும் குறைவென்று முடிவுகட்டுவது அநியாயம். ஆதலால் முதலில் நேரத்தை அளப்பதே உசிதம்; அதிலும் கைக்கு வந்த நேரத்தையல்ல, உண்ட நேரத்தை. விடியுமுன் கட்டிய சோற்றுப் பொட்டலத்தை நண்பகலில் பிரிக்கையில் குழம்பு புளித்து நுரைத்திருந்தால், ஏட்டில் அது வழங்கப்பட்ட உணவு. உண்ண வேண்டியவருக்கோ காத்திருப்பு இன்னும் தீரவில்லை.

எனவே, வாசக அன்பர்கள் தத்தம் விநியோகப் படிவத்தில் 'கடைசியாக உண்டது எப்போது' என்ற ஒரு வினாவைச் சேர்த்து, சராசரியோடு நில்லாமல், மிக நீண்ட காத்திருப்பையும் தங்கள் அறிக்கையின் முதற்பக்கத்திலேயே வெளியிட வேண்டுகிறோம்.