ஒரு கிரவுண்டில் ஆறு வீடு சரி, தெருவுக்கு யார் கணக்குப் போடுவது?

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

இந்த ஒரு வருடத்தில் உங்களில் நாலைந்து பேர் ஒரே கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், அப்பா அம்மாவுக்கு வயசாயிடுச்சு. தாம்பரம் வீட்டை ஜாயின்ட் வென்ச்சருக்கு பில்டர் கேட்கிறார். கொடுக்கலாமா?" ஒருவர் சேலையூர், ஒருவர் குரோம்பேட்டை, ஒருவர் சிட்லபாக்கம். கேட்டவர்கள் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

கொடுங்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் கையெழுத்துப் போடுமுன் டீச்சரோடு சேர்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, உயரமில்லாத சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது மனையைப் போல இரண்டு மடங்கு கட்டலாம்: 4,800 சதுர அடி. 800 சதுர அடி வீடாகப் பிரித்தால் ஆறு வீடு. ஒரு குடும்பம் இருந்த இடத்தில் ஆறு குடும்பம். இதுவரை பில்டரே உங்களுக்குச் சொல்லியிருப்பார்.

இனி அவர் சொல்லாத பகுதி. 50 மனை உள்ள ஒரு லே-அவுட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மனைகளின் பரப்பு 1,20,000 சதுர அடி. 10,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள இடத்தில், சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கோ விளையாட்டுத் திடலுக்கோ விட வேண்டும் என்பது விதி. சுமார் 12,000 சதுர அடி என்று வையுங்கள். 50 குடும்பம், வீட்டுக்கு நாலு பேர் என்றால் 200 பேர். தலைக்கு 60 சதுர அடி.

அந்த 50 வீடும் ஒவ்வொன்றாக ஆறு ஆறு வீடாக மாறினால் 300 குடும்பம், 1,200 பேர். பூங்கா அதே 12,000 சதுர அடிதான். தலைக்கு 10 சதுர அடி. ஒரு ஆள் பாய் விரித்துப் படுக்கக்கூடப் போதாது. இது பூங்கா விட்ட லே-அவுட்டின் கதை. நம் பக்கத்துப் பழைய நகர்கள் பலவற்றில் அதுவும் கிடையாது.

புதிதாகக் கட்டும் பில்டர் இடம் விட வேண்டாமா என்று கேட்பீர்கள். 3,000 சதுர மீட்டருக்குக் குறைவான மனைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 3,000 சதுர மீட்டர் என்பது 13 கிரவுண்டுக்கும் மேல். ஒற்றைக் கிரவுண்டில் கட்டுகிறவருக்கு எந்தப் பொறுப்பும் வராது. அவர் சட்டத்தை மீறவில்லை. ஐம்பது பேரும் சட்டப்படியே கட்டுவார்கள். ஆனாலும் தெரு மூச்சுத் திணறும். திட்ட அனுமதிக்குக் கட்டணம் கட்டுகிறோம், உண்மைதான். அந்தப் பணம் அதே தெருவின் வடிகாலுக்கும் பூங்காவுக்கும் திரும்பி வரும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. ஒவ்வொரு மனைக்கும் வரைபடம் இருக்கிறது, அளவு இருக்கிறது, அனுமதி இருக்கிறது. தெருவுக்குக் கணக்குப் போடுகிறவர் யாருமில்லை. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

அடுக்குமாடிக்கு நான் எதிரி இல்லை. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்த பிறகுதான் இந்தப் பக்கம் ஊராக விரிந்தது. ரயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் நாலு பேர் கூடுதலாகக் குடியேறுவது நியாயமானதுதான். நகரம் தெற்கே தெற்கே ஓடி இன்னும் பத்து ஏரியைத் தின்பதைவிட, இங்கே இரண்டு மாடி ஏறுவது மேல். முழங்கால் வலிக்கிற அம்மாக்களுக்கு லிஃப்ட் வேண்டும். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு வாங்க இளம் தம்பதிகளுக்கு வழி வேண்டும். "அந்தக் காலத்திலே தோட்டமும் கிணறுமா இருந்தோம்" என்று பெருமூச்சு விடுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். அந்தத் தோட்டமும் கிணறும் எல்லோருக்கும் வாய்க்கவில்லை.

கவலை வேறு இடத்தில். பழைய வீட்டில் வாசல்படி, திண்ணை, கம்பி கேட் என்று ஏதோ ஒன்று தெருவைப் பார்த்து இருக்கும். சாயங்காலம் யாராவது அங்கே உட்கார்ந்திருப்பார்கள். புதுக் கட்டடத்தில் கீழ்த்தளம் முழுக்க கார் நிறுத்தம். தெருவைப் பார்க்க ஒரு ஜன்னல்கூட இல்லை. நகரமைப்பில் பட்டம் எதுவும் வாங்காத ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1961-ல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் வாதாடினார்: வாசலிலும் கடையிலும் இருந்தபடி தெருவைக் கவனிக்கும் சாதாரண மனிதர்களே தெருவுக்குக் காவல். நம் பாட்டிமார்கள் படிக்காமலே அந்த வேலையைப் பார்த்தார்கள். இப்போது அதை சிசிடிவி பார்க்கிறது. ஆனால் சிசிடிவி யாருக்கும் மாத்திரை வாங்கி வந்து கொடுக்காது.

2015 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கி, தெருவில் படகு போனது. அரசு வருவதற்கு முன்னால் வந்தது பக்கத்து வீட்டுக்காரர்தான். எந்த வீட்டில் படுத்த படுக்கையாகப் பெரியவர் இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை என்று தெருவுக்குத் தெரிந்திருந்தது. மாடி வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். ஆறு குடும்பம் இருக்கிற கட்டடத்தில் ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாவிட்டால், அடுத்த மழைக்கு அந்தக் கதவு யாருக்காகத் திறக்கும்?

தெரு ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம், சிட்லபாக்கம் ஏரி போதும். 2019 கோடையில் தண்ணீர் வற்றிக் கிடந்த ஏரியில் அந்தப் பகுதி மக்களே இறங்கிக் குப்பை அள்ளித் தூர் வாரினார்கள். அதே ஆண்டு அரசு 25 கோடி ரூபாயில் சீரமைப்புத் திட்டம் அறிவித்தது. மக்கள் முதலில் கையை அழுக்காக்கினார்கள், பணம் பின்னால் வந்தது.

இப்போது சிக்கல் என்னவென்றால், நம் குரல் கேட்கும் தூரம் கூடிவிட்டது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. மொத்தம் 70 வார்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கில் பார்த்தாலே ஒரு கவுன்சிலருக்குச் சராசரியாகப் பத்தாயிரம் பேருக்கு மேல். இன்று அது இன்னும் கூடியிருக்கும். முன்பு மெம்பரைக் காய்கறிக் கடையில் பிடித்துத் தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லிவிடலாம். இன்று அப்படி முடியுமா?

அதற்கு ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. கிராமத்துக்குக் கிராம சபை போல நகரத்துக்குப் பகுதி சபை. 2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாடு முழுக்க அது கூட்டப்பட்டபோது, முதலமைச்சர் கலந்துகொண்டது நம் பம்மலில்தான். உங்கள் தெருவில் எத்தனை பேர் ஒரு பகுதி சபைக்காவது போயிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்கும்தான். அடுத்த இருபது ஆண்டுக்கான மூன்றாம் திட்டத்தை சிஎம்டிஏ தயாரிக்கிறது. தெருவாரியாக எத்தனை குடும்பம் கூடுகிறது, அதற்கு வடிகால், பூங்கா, நடைபாதை எங்கே என்ற கேள்வியை நாம் கேட்காவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

சரி, வீட்டுப்பாடம் கொடுக்காமல் டீச்சர் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஒன்று. ஒப்பந்தத்தில் எத்தனை சதுர அடி, எவ்வளவு பணம் என்பதோடு இதையும் எழுதுங்கள்: கிணற்றை மூடக் கூடாது. சுற்றிலும் சிமென்ட் பூசாமல் மண் தரை கொஞ்சம் இருக்க வேண்டும். கார் ஏற்றும் சாய்தளம் தெரு வடிகாலை அடைக்கக் கூடாது. கீழ்த்தளத்தில் தெருவைப் பார்த்து நாலு பேர் உட்கார ஒரு திண்ணை வேண்டும். இதற்கெல்லாம் பெரிய செலவு ஆகாது. கையெழுத்துக்கு முன்னால் கேட்டால் பில்டர் சம்மதிப்பார். அப்புறம் கேட்டால் சிரிப்பார்.

இரண்டு. உங்கள் நகர் நலச்சங்கத்தில் வாடகைக்கு இருப்பவர்களையும் உறுப்பினராக்கச் சொல்லுங்கள். பல சங்கங்கள் இன்னும் வீட்டு ஓனர்களுக்கு மட்டும் என்றே ஓடுகின்றன. தெருவில் பாதிப் பேர் வாடகைக்காரர்கள். மழைத் தண்ணீர் ஓனர் வீடு எது, வாடகை வீடு எது என்று பார்த்து நுழைவதில்லை.

மூன்று. வெளியூரில் இருப்பவர்கள், ஊருக்கு வரும்போது அப்பாவை மாலுக்குக் கூட்டிப்போகிற அன்பில் கொஞ்சத்தை வார்டு கவுன்சிலரைப் பார்ப்பதற்கும் ஒதுக்குங்கள். அடுத்த பகுதி சபை எப்போது, லே-அவுட் வரைபடத்தில் காட்டிய பூங்கா இடம் இப்போது எப்படி இருக்கிறது என்று இரண்டே கேள்வி கேளுங்கள். போட்டோ எடுத்து மனுவோடு கொடுங்கள்.

உங்களில் பில்டராக இருப்பவர்களும் உண்டு, என்ஜினீயர்களும் உண்டு, அரசுப் பணியில் இருப்பவர்களும் உண்டு. நான் போட்ட கணக்கில் பிழை இருந்தால் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்வோம். கணக்கு சரி என்றால், உங்கள் தெருவின் கணக்கையும் போட்டு அனுப்புங்கள்: எத்தனை மனை, எத்தனை குடும்பம், பூங்கா எத்தனை சதுர அடி. இருபது தெருவின் கணக்கு சேர்ந்தால் நானே ஒரு மனுவாக எழுதி மாநகராட்சிக்கும் சிஎம்டிஏவுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நடக்கத் தெம்பு இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்