மட்காட்டை வெட்டுகிறவர்களுக்கு

நுவரெலியா மகாகஸ்தோட்டையில் மலையேற்றக் காரோட்டம் தொடங்கியது 1934 இல். தேயிலைக்கு நடுவே வளைந்தேறும் ஒடுக்கமான பாதை அது. ஏற்றத்தில் பாரம் குறைந்த வண்டிக்கே மதிப்பு. அந்த ஊரில் நின்றுகொண்டு, பழைய ஸ்போர்ட்ஸ் காரின் மட்காட்டை வெட்டியெறிந்து, பைபர் கிளாஸ் கவசங்களை றிவெற் அடித்து அகலமாக்குவதே அழகு என்று வாதிடுகிறார்கள் சில நண்பர்கள். ஜப்பானியரான அகிரா நகாய் பழைய போர்ஷே 911 களைத் தம் கையாலேயே வெட்டுவதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

1973 இல் போர்ஷே ஆர்.எஸ்.ஆர். காரின் மட்காட்டும் அகன்றதுதான். பந்தயத்தில் பிடிமானம் வேண்டி டயர் அகன்றது. டயரை மூட மட்காட் அகன்றது. இங்கோ மட்காட்டை நிரப்புவதற்காக டயர் தேடுகிறார்கள்! வர்ணத்தை மாற்றலாம், எஞ்சினையும் மாற்றலாம். வெட்டிய மூலத் தகடு திரும்ப வராது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்த நாடு இது. துருப்பிடித்த தகட்டைத் தட்டி நிமிர்த்தும் ஹற்றன் டிங்கர் தொழிலாளியிடம் அதன் அருமையைக் கேளுங்கள்.

உங்கள் கார், உங்கள் காசு, ஒப்புக்கொள்கிறேன். றம்பொடை வளைவில் எதிரே இ.போ.ச. பஸ் வரும்போது அந்த அகலத்தை எங்கே ஒதுக்குவீர்கள்?