மருந்தை நிறுத்தியது யார்?

நெஞ்செரிச்சலோடு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகும் மில் தொழிலாளிக்கும், புளித்த ஏப்பத்தோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்கும் விவசாயத் தொழிலாளிக்கும் கிடைப்பது ஒரே ஏச்சுத்தான்: கொடுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, அதனால்தான் நோய் திரும்பத் திரும்ப வருகிறது!

இதில் உண்மை இல்லாமல் இல்லை. இரைப்பையின் அமிலம் மேலேறி உணவுக்குழாயைச் சுடுவதுதான் இந்த நோய். ஒமிப்ரசோல், பேன்டோபிரசோல் போன்ற மாத்திரைகள் அமிலம் சுரப்பதையே அடக்குகின்றன. உணவுக்குழாயில் விழுந்த புண் ஆறுவதற்குப் பெரும்பாலும் 4 முதல் 8 வாரம் வேண்டும். எரிச்சலோ சில நாட்களிலேயே தணிந்துவிடுகிறது. தணிந்ததும் மாத்திரை பரணுக்குப் போகிறது; பாதி ஆறிய புண் மறுபடி எரிகிறது. பிறகு பெட்டிக்கடை சோடாவை நம்பி நாள் கடத்துகிறோம். சோடா புண்ணை ஆற்றாது. உடம்பு வலிக்கென்று மருந்துக் கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் வலி மாத்திரையோ இரைப்பையையே புண்ணாக்கிவிடும். டாக்டர் சொன்ன நாள் வரை மருந்தைச் சாப்பிட வேண்டும்; நிறுத்துவதும் நீட்டிப்பதும் அவரைக் கேட்டுத்தான். சோறு நெஞ்சில் அடைத்தாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ ஷிப்டு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஆனால், இந்த மாத்திரைக்கு ஒரு நிபந்தனை உண்டு. சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக அதைப் போட வேண்டும். இரைப்பையில் அமிலத்தை இறைக்கும் பம்புகள் சாப்பிடும்போதுதான் முழு வேகத்தில் ஓடுகின்றன. ஓடுகிற பம்பைத்தான் இந்த மருந்து அடைக்கும். நேரம் தப்பினால் பலன் குறையும்.

சாப்பாட்டு நேரம் தொழிலாளியின் கையிலா இருக்கிறது? இந்த வாரம் பகல் ஷிப்டு, அடுத்த வாரம் இரவு ஷிப்டு. விடியற்காலையில் வீடு திரும்புகிறவன் பசிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கிறான். படுத்ததும் அமிலம் மேலேறுகிறது. வயலில் நாற்று நடும் பெண்ணோ பாதி நாள் குனிந்தே நிற்கிறாள். குனிந்தாலும் அமிலம் ஏறும். கஞ்சிக்கு எப்போது கரையேறுவது என்பதை அவள் வயிறு தீர்மானிப்பதில்லை.

ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காதே, அரை மணியாவது இடைவேளை கொடு என்று 1948ஆம் வருடத்து பாக்டரி சட்டம் சொல்லிற்று. அந்த அரை மணியில், மெஷினைப் பக்கத்து ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, பத்து நிமிஷத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தவர்கள் எத்தனை பேர்! உற்பத்திக் கணக்குக் கேட்கும் நிர்வாகம் இந்தக் கணக்கை என்றைக்காவது கேட்டதுண்டா?

மருந்து கிடைப்பதும் சுலபமில்லை. சில நாட்களுக்கு மட்டும் மாத்திரை கொடுத்து மறுபடி வரச் சொன்னால், மறுபடி போவதற்கு ஒரு நாள் கூலி போகிறது. காண்ட்ராக்ட் தொழிலாளியின் பெயரை இ.எஸ்.ஐ.யில் பதியாமல் ஏய்க்கும் முதலாளிகள் உண்டு. விவசாயத் தொழிலாளிக்கோ இ.எஸ்.ஐ.யே இல்லை. வளர்ந்த நாடுகளிலேயே நீண்ட கால நோய்க்கான மருந்தைச் சொன்னபடி சாப்பிடுகிறவர்கள் சராசரியாக 50 சதவீதம்தான் என்றும், பழியை நோயாளி தலையில் மட்டும் போடுவது சரியல்ல என்றும் உலக சுகாதார நிறுவனம் 2003இல் எழுதியது. நம்மூரில் ஏசுகிறவர்கள் அதைப் படித்தால் தேவலை.

சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் 2021 முதல் தமிழ்நாட்டில் வீடு தேடிப் போய் மாத்திரை கொடுக்க முடிந்தது. அப்படியிருக்க, நெஞ்செரிச்சல் நோயாளிக்கு ஒரே தடவையில் ஒரு மாத மாத்திரை கொடுப்பதில் சர்க்காருக்கு என்ன கஷ்டம்? கிராமங்களில் விவசாயத் தொழிலாளர் சங்கம் இதைக் கேட்க வேண்டும். மில் யூனியன்கள் அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்குத் தயாரிக்கும் கோரிக்கைப் பட்டியலில், மெஷின் பொறுப்பிலிருந்து விடுவித்து முழு அரை மணி சாப்பாட்டு இடைவேளை தர வேண்டும் என்பதையும், இரவு ஷிப்டிலும் கேன்டீனில் சூடான சோறு வேண்டும் என்பதையும் பஞ்சப்படிக்கு அடுத்தபடியாக எழுத வேண்டும்.