துடைப்பம் கட்ட இயந்திரம்: வரட்டும், ஆனால் யார் கையில்?

துடைப்பத்தைப் பற்றி ஒரு தொழிற்சங்கப் பத்திரிகை எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். விளக்கேற்றிய பிறகு வீடு கூட்டக் கூடாது, துடைப்பத்தைக் காலால் மிதிக்கக் கூடாது, வருவோர் கண்ணில் படும்படி வைக்கக் கூடாது என்று ஆயிரம் சாத்திரம் சொல்லுகிறோம். அந்தத் துடைப்பத்தைக் கட்டிய கைக்கு என்ன கூலி கிடைத்தது என்று ஒரு நாளாவது கேட்டோமா?

இன்று கேட்க வேண்டிய அவசியம் வந்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தென்னை ஓலையிலிருந்து ஈர்க்கு சீவும் சிறு இயந்திரங்கள் பெருகிவிட்டன. ஒரு மின்மோட்டார், சுழலும் பற்களோ கத்திகளோ, ஓலையிதழை உள்ளே விட ஒரு வாய், இவ்வளவுதான் பொறி. இதைத் தருவித்து இங்கும் செம்பனை ஈர்க்கில் துடைப்பம் கட்டிப் பிழைக்கலாம் என்ற பேச்சு கிள்ளான் பக்கத்து நம் தாய்மார்களிடையே அடிபடுகிறது. பேச்சு நல்லதே. முன்பணம் கட்டுவதற்கு முன் இந்த நாலு விஷயத்தையும் படித்துவிட்டால் இன்னும் நல்லது.

லயத்து வாழ்க்கையில் துடைப்பம் காசு கொடுத்து வாங்கும் சாமான் அல்ல. லயத்துக்குப் பின்னால் தென்னை நிற்கும்; விழுந்த மட்டையை இழுத்து வந்து, பால்மரக் காட்டிலிருந்து திரும்பிய அலுப்போடு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, இதழ் இதழாகக் கிழித்து, இந்தப் பக்கம் ஒரு சீவு அந்தப் பக்கம் ஒரு சீவு என்று கத்தியால் சீவி, வெயிலில் காய வைத்துக் கட்டுவார்கள். அந்த வேலைக்குச் செக்ரோலில் பேர் இல்லை. பிறகு தோட்டங்கள் போயின. சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த இடத்தில் ஷா ஆலாம் எழும்பியது; பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் புத்ராஜெயா எழும்பியது. தோட்டத்து ஜனம் அடுக்குமாடிக்குப் போயிற்று. அடுக்குமாடியில் தென்னைக்கு இடம் ஏது? தாயார் சும்மா கட்டிய துடைப்பத்தை மகள் கிள்ளான் கடைத்தெருவில் விலை கொடுத்து வாங்குகிறாள்.

கடையில் தொங்குவதிலும் இப்போது பல ஜாதி. தென்னை ஈர்க்கு, செம்பனை ஈர்க்கு, மேகாலயா மலைகளில் விளையும் புல்லில் கட்டிய பூந்துடைப்பம், எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு நிற்கும் பிளாஸ்டிக். சுமத்ராவிலிருந்து செம்பனை ஈர்க்கு இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் கப்பலேறுகிறது. நம் நாட்டுச் செம்பனைக் காட்டில் வெட்டிப் போட்ட மட்டையோ பெரும்பாலும் நிரை நிரையாகக் கிடந்து மக்குகிறது.

கிராணி வேலை பார்த்த பழக்கம், கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. பருவத்துக்கு வந்த செம்பனை ஒன்று ஆண்டுக்கு ஏறக்குறைய 24 மட்டை விடும். மட்டை ஒன்றுக்கு 250 இதழ் என்று வைத்தால் ஒரு மரத்துக்கு 6,000 ஈர்க்கு. நுனியிலும் அடியிலும் உள்ள குட்டை இதழ் துடைப்பத்துக்கு உதவாது, பாதி கழித்துவிடுங்கள், 3,000. ஒரு ஈர்க்கைக் கையால் சீவ ஐந்து விநாடி என்றால், அந்த 3,000க்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐந்து விநாடியில் சீவுகிற கையும் மத்தியானத்துக்குப் பிறகு அதே வேகத்தில் ஓடாது. கட்டைவிரலில் கத்தி பட்ட தழும்பு இல்லாத தோட்டத்துப் பாட்டி உண்டா? ஆகவே சீவுவதற்கு இயந்திரம் வருவதை நாம் ஒருபோதும் எதிர்க்க மாட்டோம். எதிர்க்க வேண்டியது வேறு.

இயந்திரமும் மருந்தும் தோட்டத்துக்குப் புதியவை அல்ல. மண்வெட்டியும் கத்தியும் பிடித்துப் புல் வெட்டிய கூட்டத்தைக் களைக்கொல்லித் தெளிப்பான் குறைத்தது. மிச்சமிருந்த பெண்களின் முதுகில் அந்தத் தொட்டியை ஏற்றினார்கள். பாராகுவாட் என்ற நஞ்சு இந்நாட்டில் தடையானது 2020 ஜனவரி முதல் தேதி. அதற்கு முன் எத்தனை ஆண்டு நம் தாய்மார்கள் அதைச் சுமந்து தெளித்தார்கள்! மருந்தைத் தெரிந்தெடுத்தவர் ஒருவர், முதுகு கொடுத்தவர் இன்னொருவர். செம்பனைக் குலை அறுக்க மலேசியச் செம்பனை வாரியம் கொண்டு வந்த ‘கந்தாஸ்’ மோட்டார் அரிவாளைப் பற்றியும் நாம் கேட்க வேண்டியது இதுதான்: குலை கூடுதலாக விழுந்தால் கூடுதல் காசு யாருக்கு?

துடைப்பத் தொழிலிலேயே இதற்குப் பழைய பாடம் உண்டு. அமெரிக்காவில் துடைப்பச் சோளம் என்று ஒருவகைச் சோளத்தின் கதிர்த்தண்டில்தான் துடைப்பம் கட்டினார்கள். உருண்டையாகக் கட்டிய துடைப்பத்தை 1798-ல் தட்டையாக அழுத்தித் தைக்கும் முறையைக் கண்டவர் நியூயார்க் மாநிலத்து வாட்டர்விலியட்டில் ஷேக்கர் என்னும் சமயக் கூட்டத்தைச் சேர்ந்த தியோடர் பேட்ஸ் என்பார்கள். அந்தக் கூட்டத்தில் சொத்து எல்லாருக்கும் பொது. காலால் மிதித்துச் சுற்றும் சக்கரம், கவ்விப் பிடிக்கும் இடுக்கி இவற்றை வைத்துக்கொண்டு அவர்கள் கட்டிய துடைப்பம் ஊரெங்கும் பேர் வாங்கிற்று. அங்கே இயந்திரம் வந்ததால் யாரும் தெருவில் நிற்கவில்லை, இயந்திரம் அவர்களுடையது.

பின்னர் தொழில் தொழிற்சாலைக்குப் போனது. துடைப்பம் கட்டுவோர் சங்கம் கட்டினார்கள். ஆம், துடைப்பத் தொழிலாளருக்கென்றே தனிச் சங்கம்! அவர்களை வாட்டியது வெறும் இயந்திரம் அல்ல; சிறைச்சாலையில் கைதிகளை வைத்துக் கட்டி மலிவு விலைக்குத் தள்ளிய துடைப்பம். கூலியில்லாத கையோடு கூலி வாங்கும் கை எப்படிப் போட்டி போடும்? இந்தத் துடைப்பச் சண்டை அத்தோடு முடியவில்லை. 1996-ல் மெக்ஸிகோவிலிருந்து வரும் சோளத் துடைப்பத்துக்கு அமெரிக்கா கூடுதல் வரி போட, மெக்ஸிகோ பதிலுக்கு வரி போட, வழக்கு நடுவர் குழு வரைக்கும் போய் 1998-ல் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. துடைப்பம் அற்பம் என்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளட்டும்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால் வெள்ளைக்கோல் ஊன்றி நடப்போரைக் காணலாம். 1951-ல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. மேல்நாடுகளில் துடைப்பமும் பிரஷும் கட்டுவது பார்வையற்றோரின் தொழிலாகவே இருந்தது. விரல் அறிந்தால் போதும், கண் வேண்டாம். அமெரிக்க அரசாங்கம் 1938-ல் ஒரு சட்டமே செய்தது: அரசாங்க அலுவலகங்களுக்கு வேண்டிய துடைப்பத்தையும் தரை துடைப்பானையும் பார்வையற்றோர் செய்ததாகவே வாங்க வேண்டும் என்று. இதை நாம் கொஞ்சம் அழுத்தியே சொல்லுகிறோம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நகராண்மைக் கழகம் எல்லாம் இங்கும் துடைப்பம் வாங்குகின்றன. குத்தகைக்காரரின் மலிவு டெண்டரைப் பார்ப்பதோடு, கட்டியவர் யார் என்றும் ஒரு வரி பார்த்தால் என்ன கெட்டுவிடும்?

பிளாஸ்டிக் துடைப்பத்தோடு மல்லுக்கு நிற்கலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம். ஜெர்மனியின் கறுங்காட்டுப் பகுதியில் டோட்நாவ் என்ற சிற்றூரில் 1902-ல் தொடங்கிய ஸாஹொரான்ஸ்கி போன்ற கம்பெனிகள் செய்யும் இயந்திரங்கள், கட்டையில் துளை போட்டு, நாரை மடித்து, கம்பித் துண்டால் அடித்து இறக்கி, நுனியைக் கத்தரித்து வெளியே தள்ளும். அந்த விலைக்கு நம்மால் இறங்க முடியாது, இறங்கவும் வேண்டாம். வீட்டுக்குள் வழவழத் தரைக்குப் பிளாஸ்டிக் இருக்கட்டும். மழை பெய்த வாசல், சந்தைக்கடை, கோயில் பிராகாரம், சாக்கடை ஓரத்துச் சருகு, இங்கெல்லாம் ஈர்க்குத் துடைப்பத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. தேய்ந்தால் மண்ணோடு மண்ணாகும். பிளாஸ்டிக் நாரோ உதிர்ந்து வாய்க்காலில் மிதக்கிறது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். இயந்திரம் விற்க வருகிறவர் எப்படிப் பேசுவார்? “நீங்கள் இயந்திரத்தை வாங்குங்கள், கட்டிய துடைப்பத்தை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்” என்பார். தமிழ்நாட்டில் ஊதுவத்தி, காகிதத் தட்டு முதலான எத்தனையோ குடிசைத் தொழில்களுக்கு இந்தப் பேச்சை விளம்பரத்திலேயே காணலாம். சேமநிதியை எடுத்து இயந்திரம் வாங்கிய பிறகு, வாங்குகிறவர் ஒருவர்தான் என்றால் விலை வைக்கிறவரும் அவர்தான். தரம் சரியில்லை என்று தள்ளுகிறவரும் அவரே. இயந்திரம் உங்கள் பேரில் இருக்கும், லாபம் அவர் பேரில் இருக்கும். தொழிலாளி கருவியை வாங்கித் தானே கூலியாக இருப்பது போல ஒரு விந்தை வேறில்லை.

கூலிக்கணக்கையும் பார்த்துவிடுவோம். 2025 பிப்ரவரி முதல் இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலைக்கு இது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. கட்டுக்கூலி துடைப்பத்துக்கு ஒரு வெள்ளி என்று பேசினால், ஒரு நாளில் 66 துடைப்பம் கட்டினால்தான் அந்தச் சம்பளம். காய வைப்பதும் தரம் பிரிப்பதும் கூட்டிக் குவிப்பதும் யார் கணக்கில்? தொழிற்சாலையில் உட்கார்ந்து துண்டுக்கூலிக்குச் செய்தாலும் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே போகக் கூடாது. அதையே வீட்டில் வைத்துச் செய்தால் ‘நீங்கள் தொழிலாளி அல்ல, சொந்த வியாபாரி’ என்று சொல்லி சம்பளமும் சேமநிதியும் சொக்சோவும் ஒரே வீச்சில் கழன்றுவிடுகின்றன. சொந்தத் தொழிலாளருக்கென 2017-லும் இல்லத்தரசிகளுக்கென 2022-லும் சொக்சோவில் தனிச் சட்டங்கள் வந்திருக்கின்றன; இல்லத்தரசிக்கு ஆண்டுக்கு 120 வெள்ளிதான் சந்தா. கத்தி சுழலும் இயந்திரத்தின் முன் உட்காரும் எந்தத் தாயும் முதலில் அந்தச் சந்தாவைக் கட்டட்டும்.

எனவே நமது யோசனை இது. தனித்தனி வீட்டில் தனித்தனி இயந்திரம் வேண்டாம். பத்து இருபது குடும்பம் கூடிக் கூட்டுறவாக ஒரு சீவும் இயந்திரம் போதும். சீவுவது பொறி, கட்டுவது கை. கட்டும் வேலையையும் பொறிக்குக் கொடுத்துவிட்டால் நாலு பேர் பிழைக்கும் இடத்தில் ஒருவர்தான் நிற்க முடியும். இப்போதைக்கு அதில் நமக்கு அவசரம் இல்லை. வாங்குகிறவர் ஒருவராக இல்லாமல் கடைக்காரர், கோயில், பள்ளிக்கூடம், குத்தகைக்காரர் என்று நாலு இடம் பிடிக்க வேண்டும்.

“ரூபாய் அணாக் கணக்கைப் பார்த்தால் போதாதா, யார் எஜமான் என்பது ஏன்?” என்று கேட்பாரும் உண்டு. 1941-ல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வை மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும், பெண்களிடம் வாலாட்டக் கூடாது, பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும், கள்ளுக்கடை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். ஐந்து உயிர் போயிற்று. தலைவர் ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். கொட்டகையில் யார் சொல் செல்லும் என்பது அன்றைக்கும் கூலியைப் போலவே பெரிய கேள்வி.

மட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். காட்டில் கிடக்கும் மட்டை குப்பை என்று நாம் நினைத்தாலும் மேனேஜ்மெண்டு அப்படி நினைப்பதில்லை. நிரையில் அடுக்கியது மக்கி மரத்துக்கு உரமாகிறது. மண் அரிப்பைத் தடுக்கிறது. இது நியாயமான பேச்சுதான். ஆனால் நாம் கேட்பது இதழின் நடுவே ஓடும் நரம்பை மட்டும். காட்டு ஓரத்திலேயே சீவினால் இலைப்பகுதியும் அடிமட்டையும் இருந்த இடத்துக்கே திரும்பிவிடும். எடுத்துப் போகும் அனுமதி மண்டோரின் தயவாக இருக்கக் கூடாது. தயவாக இருந்தால் இன்று உண்டு, நாளை இல்லை. அல்லது மண்டோருக்கு ஒரு பங்கு. எழுத்தில் வேண்டும். அந்த எழுத்தில் காட்டில் வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளரின் பேரும் சேர வேண்டும். மட்டையை வெட்டிப் போடுகிறவர்கள் இன்று பல தோட்டங்களில் அவர்கள்தானே!

பிள்ளைகள் விஷயத்தில் நமக்கு இரண்டு பேச்சு இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையைக் கத்தியோடு உட்கார வைத்த காலம் போகட்டும். இயந்திரத்தின் பக்கம் அண்டவே விடக் கூடாது. குட்டை இதழ்தான் விரலை இழுத்துக்கொண்டு போகும். வாயில் காப்புத் தகடு இல்லாத இயந்திரத்தை வாங்கவே வேண்டாம். முந்தானையும் கூந்தலும் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். இயந்திரப் பாதுகாப்புக்கு இருந்த 1967-ம் ஆண்டுச் சட்டம் 2024 ஜூன் முதல் தேதியோடு நீங்கிவிட்டது. இப்போது 1994-ம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டமே திருத்தப்பட்டு, சிறிய பட்டறை வரைக்கும் செல்லும்படி விரிந்திருக்கிறது. ‘சின்னக் கொட்டகைதானே’ என்று யாரும் தட்டிக் கழிக்க முடியாது.

இயந்திரம் விற்க வருகிறவர் பளபளக்கும் தென்னை இதழ் நாலை உள்ளே விட்டுக் காட்டுவார். அது போதாது. மழையில் நனைந்த செம்பனை மட்டையைக் கொண்டு வரச் சொல்லுங்கள். தென்னை இதழ் ஒரே வரிசையில் நிற்கும், செம்பனை இதழ் இப்படியும் அப்படியும் கோணி நிற்கும். ஒன்றுக்குச் செய்த வாய் மற்றொன்றுக்குச் சரிவராமல் போகலாம். நம் தாய்மார் இருவரே காலை ஏழு முதல் மாலை மூன்று வரை ஓட்டிப் பார்க்கட்டும். எத்தனை கிலோ ஈர்க்கு, எத்தனை முறிந்தது, எத்தனை தடவை அடைத்துக்கொண்டது, மின்சாரம் எவ்வளவு என்று ஒருவர் பக்கத்திலிருந்து எழுதட்டும். அந்த ஒரு நாள் ஏட்டைப் பார்த்த பிறகு முன்பணத்தைப் பற்றிப் பேசலாம்.